வெற்று டிவிடியைக் கண்டுகொள்ளாத டிரைவ்: உங்களுக்கும் நடந்ததா?

அம்மாவுக்கு டிவிடி பிளேயர்தான் பழக்கம். பென் டிரைவைக் கொடுத்தால் “இத்தனூண்டு சாமான், எங்கயாவது தொலைஞ்சு போயிடும்” என்பார். தம்பி மகள் கல்யாண வீடியோவை டிஸ்க்கில் ஏற்றிக் கொடுக்கலாம் என்று, சிங்கப்பூர் ஈசூனில் என் வீட்டு மேசைக்கடியில் தூங்கிக்கொண்டிருந்த பழைய டெஸ்க்டாப்பைத் தட்டி எழுப்பினேன்.

வெற்று டிவிடியைப் போட்டேன். சர்ரென்று சுற்றும், நின்று யோசிக்கும், மறுபடி சுற்றும், அப்புறம் ஓய்ந்துவிடும். திரையில் “டிஸ்க்கைப் போடுங்கள்” என்று வரும். போட்டுவிட்டுத்தானே உட்கார்ந்திருக்கிறேன்! ஆனால் கடையில் வாங்கிய பட டிவிடி அதே டிரைவில் அழகாக ஓடியது.

முதலில் டிஸ்க் மேல்தான் சந்தேகம். வேறு பிராண்டில் 10 டிஸ்க் வாங்கினேன், அதுவும் அப்படியே. அக்கா மகன் போனில் சொல்லச் சொல்ல, விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் அப்பர் ஃபில்டர்ஸ், லோயர் ஃபில்டர்ஸ் என்ற இரண்டு பதிவுகளையும் அழித்தேன். பயனில்லை. அது டிரைவே கணினியில் காணாமல் போகும்போது, டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறி விழும்போது செய்ய வேண்டிய வைத்தியம் என்று பிறகுதான் புரிந்தது. என் டிரைவ் படம் காட்டிக்கொண்டிருந்ததே. தலைவலிக்கு முட்டியில் தைலம் தேய்த்த கதை.

வழி காட்டியது இழுப்பறையில் கிடந்த ஒரு பழைய சிடி-ஆர், அதாவது எழுதாத வெற்று சிடி. சும்மா போட்டுப் பார்த்தேன். உடனே “வெற்று டிஸ்க்” என்று சொல்லிவிட்டது!

சிடிக்கும் டிவிடிக்கும் ஒரே லேசர் இல்லை. சிடிக்கு 780 நானோமீட்டர் அகச்சிவப்பு, டிவிடிக்கு 650 நானோமீட்டர் சிவப்பு. சிடியில் ஒரு தடத்துக்கும் அடுத்ததுக்கும் 1.6 மைக்ரான் இடைவெளி, டிவிடியில் 0.74தான். அதனால் லென்ஸில் கொஞ்சம் மங்கல் இருந்தாலும் சிடி தாங்கிக்கொள்ளும், டிவிடி தடுமாறும்.

சரி, பட டிவிடி மட்டும் எப்படி ஓடியது? அதில் குழிகள் ஏற்கெனவே அச்சாகியிருக்கின்றன, அதனால் சிக்னல் பலமாக வரும். வெற்று டிஸ்க்கில் இருப்பது பாம்பு போல லேசாக நெளிந்து போகும் ஒரு பள்ளம்தான். இது என்ன ரகம், யார் தயாரித்தது என்பதையெல்லாம் டிரைவ் அந்த நெளிவையும் பள்ளத்தை ஒட்டிய சின்னக் குறிகளையும் வைத்தே கண்டுபிடிக்க வேண்டும். கண் மங்கினால் முதலில் தவறுவது அதுதான்.

பவரை நிறுத்தி, டிரைவைக் கழற்றி, அடியில் இருந்த 4 திருகாணியை எடுத்தேன். லேப்டாப் டிரைவில் லென்ஸ் தட்டோடு வெளியே வந்துவிடும், டெஸ்க்டாப்பில் உள்ளேயே இருக்கும். உளுத்தம்பருப்பு அளவு லென்ஸ், அதன் மேல் சாம்பல் நிறத்தில் ஒரு படலம். சாமி மாடம் அதே அறையில்தான். வெள்ளிக்கிழமைதோறும் சாம்பிராணி, அதோடு நம்ம ஊர் ஈரக்காற்று. வேறென்ன ஆகும்?

பஞ்சுக்குச்சியில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் ஒரு சொட்டு, அவ்வளவுதான். லென்ஸ் மெல்லிய கம்பிகளில் தொங்குகிறது, அழுத்தினால் போச்சு. மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு மின்சாரம் கொடுக்கவே கூடாது, லேசர் கண்ணைக் கெடுக்கும்.

காயவிட்டு மாட்டினேன். வெற்று டிவிடி தெரிந்தது! முதல் டிஸ்க்கை 16 மடங்கு வேகத்தில் எழுதி வீணாக்கினேன், இரண்டாவதை 8 மடங்கில் எழுதினேன், தேறியது. உங்கள் கதைகளையும் சொல்லுங்கள்.

தோ பாயோ லேப்டாப்:
எனக்கும் இதே கூத்து, ஆனால் லென்ஸ் இல்லை, மின்சாரம். யூஎஸ்பியில் செருகும் மெல்லிய டிரைவை, ஒரே போர்ட்டைப் பலதாகப் பிரிக்கும் ஹப் வழியாக மாட்டியிருந்தேன். படிக்கும், வெற்று டிஸ்க் என்றால் முழிக்கும். யூஎஸ்பி 2.0 போர்ட் ஒன்று 500 மில்லி ஆம்பியர்தான் தர வேண்டும் என்று கணக்கு. அதையும் ஹப்பில் கீபோர்டு, மவுஸ் எல்லாம் பங்கு போட்டால்? லேப்டாப்பிலேயே நேரே செருகினேன், சரியாகிவிட்டது. இரட்டைத் தலை கேபிள் கூட வந்திருந்தால் இரண்டு தலையையும் செருகுங்கள். நான் அதை உபரி என்று தூக்கிப் போட்டிருந்தேன்.

தேக்கா அக்கா:
சிரிக்காதீங்க. தள்ளுபடியில் வாங்கி வந்த டிஸ்க் டிரைவுக்குத் தெரியவே இல்லை. மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு பெட்டியைப் படித்தேன்: பிடி-ஆர், 25 ஜிபி. ப்ளூ-ரே! அதற்கு 405 நானோமீட்டர் லேசர் வேண்டும், என்னுடையது வெறும் டிவிடி ரைட்டர்.

பழைய சிம் லிம் ஆள்:
டிஸ்க்கையும் சும்மா விட்டுவிட வேண்டாம். சிம் லிம் ஸ்குவேர் மின்னணுக் கடைத்தொகுதியில் 50 டிஸ்க் டப்பாக்களை அடுக்கி விற்ற காலத்தில் வாங்கியது ஒன்று ஜன்னலோரம் வெயிலில் இருந்தது. மேலே இருந்த டிஸ்க்குகள் தெரியவில்லை, அடியில் இருந்தவை தெரிந்தன. டிஸ்க்கில் எழுதப்படுவதே ஒரு சாயத்தின் மேல்தான், வெளிச்சமும் சூடும் அதற்கு ஆகாது. இம்ஜ்பர்ன் என்ற டிஸ்க் எழுதும் மென்பொருளில் டிஸ்க்கின் தயாரிப்புக் குறியீட்டைப் பார்க்கலாம். டப்பாவில் பிராண்டு வேறாக இருந்தாலும் உள்ளே ஒரே குறியீடு வருவதுண்டு, அப்படியானால் பிராண்டு மாற்றியும் பலனில்லை. நான் நம்பி வாங்கியது தையோ யூடென் என்ற ஜப்பானிய நிறுவனத்தின் டிஸ்க். அவர்களும் 2015 கடைசியோடு டிஸ்க் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள்.

ஈசூன் (கேள்வி கேட்டவன்):
அக்கா, சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். அம்மா விஷயம்: முதலில் எம்பி4 கோப்பை அப்படியே எழுதிக் கொடுத்தேன், அந்தக் காலத்துப் பிளேயர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டிவிடி வீடியோவாக மாற்றி எழுதிய பிறகுதான் ஓடியது. அம்மா அசையாமல் உட்கார்ந்து முழுக்கப் பார்த்தார். பார்த்துவிட்டு, “பந்தியில என்னைக் காட்டவே இல்லையே?” என்றார். தம்பியிடம் மிச்ச வீடியோவைக் கேட்டிருக்கிறேன். டிஸ்க் இன்னும் 7 இருக்கிறது.