வெஸ்ட் எண்ட் புளூஸ் என்ன கீ, என்ன டெம்போ? ஆளுக்கொண்டு சொல்லுது

வெள்ளவத்தை_கீபோட்:
எல்லாருக்கும் வணக்கம். ஜாஸ் ட்ரம்பெட்காரர் லூயி ஆம்ஸ்ட்ரோங் 1928 ஜூன்ல சிக்காகோவில பதிஞ்ச வெஸ்ட் எண்ட் புளூஸை நானும் ஃபிரெண்டும் வாசிச்சுப் பழகிறம், அவன் ட்ரம்பெட், நான் கீபோட். மூண்டு நாளா ஒரே குழப்பம். போன் ஆப்பில போட்டா டி மேஜர், டெம்போ நிமிசத்துக்கு 160 அடி எண்டு காட்டுது, அவன்ட ட்ரம்பெட் நோட்ஸில எஃப் எண்டு கிடக்கு, நான் வேற ஒரு அப்லோட்டோட சேர்ந்து வாசிச்சா ஈ ஃபிளாட்தான் ஒட்டுது. எது சரி? மற்றது, மேஜர் எண்டா சந்தோஷமா இருக்கோணுமே, இதைக் கேக்கேக்க ஏன் நெஞ்சு கனக்குது?

பித்தளைக்காரன்:
தம்பி உங்கட காதுதான் சரி, ஈ ஃபிளாட். ஃபிரெண்டும் பிழையில்ல, பி ஃபிளாட் ட்ரம்பெட்டுக்கு எஃப் எண்டு எழுதினாத்தான் வெளியில ஈ ஃபிளாட் கேக்கும், அதால நீங்க ஈ ஃபிளாட், அவர் எஃப், ரெண்டும் ஒண்டுதான். ஆப் காட்டினது வேற கதை. இது நிமிசத்துக்கு 78 தரம் சுத்துற பழைய இசைத்தட்டு, கொப்பி எடுக்கேக்க தட்டு கொஞ்சம் மெதுவா சுத்தினா சுருதியும் இறங்கும் வேகமும் இறங்கும், ரெண்டும் சேர்ந்துதான் போகும். ஏறக்குறைய 6 வீதம் குறைஞ்சாலே அரைச் சுருதி போயிடும், ஈ ஃபிளாட் டி ஆகிடும். ஆப்புக்குக் குடுத்த அப்லோட் எத்தனை நிமிசம் எண்டு பாருங்கோ. 160ஐ அப்பிடியே எடுக்கவும் வேணாம், அது ஒரு அடியை ரெண்டா எண்ணியிருக்கு, பாதி 80.

வெள்ளவத்தை_கீபோட்:
அண்ணை பாத்தன், ஆப்புக்குப் போட்டது 3:32, மற்றது 3:20!!

பித்தளைக்காரன்:
அதுதான். சரியான வேகம் 85 கிட்ட. எண்ணிப் பாருங்கோ, 12 பார், பாருக்கு 4 அடி, 48 அடி, ஒரு சுற்றுக்கு 34 செக்கன் கிட்ட வரும். அப்பிடி அஞ்சு சுற்று: முதல்ல எல்லாரும் சேர்ந்து, பிறகு ட்ரொம்போன், பிறகு கிளாரினெட்டும் ஆம்ஸ்ட்ரோங்கின்ட குரலும் மாறி மாறி, பிறகு ஏர்ல் ஹைன்ஸ் தனிய பியானோ, கடைசியா திரும்ப ட்ரம்பெட். தொடக்கத்தில அவர் தனிய ஊதுற இடத்துக்கு மெட்ரோனோம் (தாளம் தட்டுற கருவி) போடாதேங்கோ, முதல் நாலு அடி இறுக்கமா விழும், அதுக்குப் பிறகு அவர்ட இஷ்டம்.

சுருதிப்பெட்டி:
நான் வயலின், கர்நாடக சங்கீதம்தான் படிச்சது, ஆனா இந்தத் தட்டில எனக்கு உயிர். ஈ ஃபிளாட் எண்டா எங்கட இரண்டரைக் கட்டை. தம்பி கேட்ட சோகம் காந்தாரத்தில இருக்கு. பியானோ அந்தர காந்தாரத்தை (இங்க ஜி) பிடிச்சு வச்சிருக்க, ட்ரம்பெட் சாதாரண காந்தாரத்தை (ஜி ஃபிளாட்) தொட்டு மேல இழுக்கும், சில இடத்தில ரெண்டுக்கும் நடுவில நிக்கும், அதை கீபோட்டில தேடினா கிடைக்காது, ஜி ஃபிளாட்டையும் ஜியையும் உரசி வாசிச்சுப் பாருங்கோ. விளம்ப காலம் எண்டபடியா அந்த இழுவைக்கு இடமும் இருக்கு. ஆனா முழுச் சோகம் எண்டு நான் சொல்லமாட்டன். வெஸ்ட் எண்ட் எண்டது நியூ ஓர்லியன்ஸில ஏரிக்கரையில சனம் பின்னேரம் காத்து வாங்கப் போற இடம், எங்கட காலிமுகத்திடல் மாதிரி. கடைசிச் சுற்றில உச்சிப் பஞ்சமத்தை (பி ஃபிளாட்) நாலு பார் கிட்ட ஒரே மூச்சில பிடிக்கிறாரே, கிட்டத்தட்ட 11 செக்கன், அழுற ஆள் அப்பிடி நிமிர்ந்து நிக்கமாட்டார்.

வெள்ளவத்தை_கீபோட்:
அக்கா, அண்ணை, ரெண்டு பேருக்கும் பெரிய நன்றி. நேற்று 85ல வச்சு வாசிச்சம், அந்த நீட்டுச் சுரத்தில ஃபிரெண்டுக்கு மூண்டாம் பாரிலயே மூச்சு முடிஞ்சிட்டுது, கரையோரம் போற ட்ரெயின்தான் மிச்சத்தை ஊதினது. நானும் ஜி ஃபிளாட்டை உரசிப் பாத்தன், உடனே அந்தக் கனம் வந்திட்டுது. இனி ஹைன்ஸின்ட சுற்று, வலது கையால ட்ரம்பெட் மாதிரி எட்டாம் சுரம் சேர்த்து அடிக்கிறாரே, அதுக்கு விரலை எப்பிடி வைக்கிறது?