பணி நேரத்தில் உடம்போடு இருக்க வேண்டியவை: 108 ஊழியர்களின் அனுபவப் பகிர்வு

மருத்துவ உதவியாளர், திண்டுக்கல் மாவட்டம்

தமிழ்நாட்டில் 108 சேவை 2008 செப்டம்பரில் தொடங்கிய நாள் முதல், வண்டிக்கு ஓட்டுநர் ஒருவர், மருத்துவ உதவியாளர் ஒருவர் என்ற ஏற்பாடுதான் நடைமுறையில் இருந்து வருகிறது. விபத்தோ, பிரசவமோ, பாம்புக்கடியோ, பன்னிரண்டு மணி நேரப் பணியில் எந்த அழைப்பு வந்தாலும் அந்த இருவர்தான் இறங்கியாக வேண்டும். வண்டிக்குள் ஆக்சிஜன் சிலிண்டர் உண்டு, சளி உறிஞ்சும் கருவி உண்டு, எலும்பு முறிவுக்குக் கட்டும் கட்டைகள் உண்டு, முதலுதவிப் பையும் உண்டு. ஆனால் வண்டி நிற்கும் இடத்துக்கும் நோயாளி கிடக்கும் இடத்துக்கும் நடுவே ஒரு வரப்போ, மூன்று மாடிப் படிக்கட்டோ, சூழ்ந்து நிற்கும் கூட்டமோ இருக்கும்போது, முதல் இரண்டு நிமிடங்களில் கைகொடுப்பவை சட்டைப்பையிலும் இடுப்பிலும் இருக்கும் பொருட்கள் மட்டுமே. அவை எவை என்று புதிதாகப் பணியில் சேர்ந்த தம்பி, தங்கைகள் அடிக்கடி கேட்பதால், எனக்கு நேர்ந்தவற்றை முதலில் எழுதுகிறேன். மற்றவர்களும் தங்கள் பகுதியில் கண்டதைச் சேர்க்க வேண்டுகிறேன்.

பையைத் திறப்பதற்கு முன்பே தேவைப்படும் பொருள் மட்டும் உடம்பில் இருந்தால் போதும் என்பதே என் கருத்து. ஏராளமான உறைகள் தைத்த இடுப்புவாரை வாங்கி, கிடைத்ததையெல்லாம் அதில் செருகிக்கொண்டு வருபவர்களைப் பார்த்திருக்கிறேன். குனிந்து நெஞ்சை அழுத்தும்போது அது வயிற்றில் குத்தும். ஸ்ட்ரெச்சரைத் தூக்கும்போது கம்பியில் மாட்டும். எது எந்த உறையில் இருக்கிறது என்பது அவசரத்தில் கைக்குப் பிடிபடாது. குறைவாக வைத்திருப்பவர்தான் விரைவாக எடுக்கிறார்.

என்னிடம் இருப்பவற்றில் முதலிடம் கத்தரிக்கோலுக்கு. துணிக்கடைக் கத்தரி அல்ல; கீழ் அலகின் முனை மழுங்கித் தட்டையாகவும், அலகு கைப்பிடியிலிருந்து சாய்வாக வளைந்தும் இருக்கும் விபத்துச் சிகிச்சைக் கத்தரி. அந்த முனையைத் தோலோடு ஒட்டிச் செலுத்தினாலும் கிழிக்காது. ஜீன்ஸ் துணி, தோல் பெல்ட், சீட் பெல்ட் என எல்லாவற்றையும் வெட்டும். வேடசந்தூருக்கு அருகில் நான்குவழிச் சாலையில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்த இளைஞர் ஒருவருக்குத் தொடையில் ஆழமான வெட்டு. கால்சட்டை இரத்தத்தில் ஊறி ஒட்டிக்கொண்டிருந்ததால், காயம் எங்கே தொடங்குகிறது என்பதே வெளியில் தெரியவில்லை. கணுக்காலிலிருந்து இடுப்பு வரை ஒரே ஓட்டத்தில் வெட்டித் திறந்த பிறகுதான், இரத்தம் துடித்துத் துடித்துப் பீறிடுவது கண்ணில் பட்டது. கையால் அழுத்தியும் நிற்காததால், இரத்தப்போக்கை நிறுத்த இறுக்கிக் கட்டும் டூர்னிகெட் பட்டையைக் காயத்துக்கு இரண்டு, மூன்று அங்குலம் மேலே, மூட்டின் மீது படாமல் சுற்றி, ஒழுக்கு நிற்கும் வரை அதன் கோலைத் திருகினேன். சுற்றி நின்றவர்கள் நல்ல எண்ணத்தோடு கைக்குட்டையும் கயிறும் நீட்டினார்கள். ஒன்றரை அங்குலத்துக்குக் குறைவான அகலமுள்ள கட்டு தோலையும் நரம்பையும் நசுக்குமே தவிர, ஆழத்தில் ஓடும் தமனியைச் சரியாக அடைப்பதில்லை. கட்டிய பட்டையை வழியில் தளர்த்திப் பார்க்கவும் கூடாது. கட்டிய நேரத்தை நோயாளியின் மேலேயே தெளிவாக எழுத வேண்டும்.

அப்படி எழுதுவதற்கு அழியாத மை கொண்ட மார்க்கர் வேண்டும். பேனாதானே என்று அலட்சியமாக இருப்பவர்கள், பாம்புக்கடி நோயாளி ஒருவரை ஏற்றிச் சென்றால் மனம் மாறிவிடுவார்கள். நத்தம் பக்கத்தில், களை எடுத்துக்கொண்டிருந்த அம்மா ஒருவரைக் காலில் பாம்பு கடித்திருந்தது. உறவினர்கள் முழங்காலுக்குக் கீழே நைலான் கயிற்றை இறுக்கிக் கட்டியிருந்தார்கள். பீறிடும் இரத்தத்துக்குக் கட்டுவது உயிர் காக்கும். பாம்புக்கடிக்குக் கட்டுவது காலையே கெடுக்கும். ஆனாலும் ஏற்கெனவே இறுக்கிய கட்டைச் சட்டென்று அவிழ்த்தால் தேங்கிய விஷம் ஒரே சமயத்தில் உடலில் ஏறக்கூடும் என்பதால், மருத்துவர் முன்னிலையில் அவிழ்ப்பதே முறை. எனவே கால் அசையாதபடி கட்டை வைத்து, மெட்டியையும் கொலுசையும் கழற்றி மகளிடம் கொடுத்துவிட்டு, வீக்கத்தின் விளிம்பில் ஒரு கோடு போட்டுப் பக்கத்தில் நேரத்தை எழுதினேன். போகும் வழியில் வீக்கம் ஏற ஏற, புதிய விளிம்பில் புதிய கோடும் புதிய நேரமும் சேர்ந்தன. மருத்துவமனையில் இறக்கியபோது, பணியிலிருந்த மருத்துவர் என்னிடம் கேள்வி கேட்பதற்கு முன்பே அந்தக் கோடுகளைக் குனிந்து படித்துவிட்டு, இரத்தம் உறைகிறதா என்று பார்க்கும் இருபது நிமிடச் சோதனைக்கு ஆளை அனுப்பினார். கட்டுவிரியன் கடியாக இருந்தால் பெரும்பாலும் வீக்கமே இருக்காது. கண் இமை சரிவதும் மூச்சு தளர்வதும்தான் அடையாளம். அங்கே மூச்சை எண்ண நொடி முள் உள்ள கைக்கடிகாரம் பேசும். நேரம் பார்க்கக் கைபேசியை எடுப்பவர்கள், இரத்தம் பட்ட கையுறையோடு தொட்ட அதே கைபேசியைத்தான் வீட்டில் குழந்தையிடம் கொடுக்கப் போகிறோம் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஓட்டுநர், தருமபுரி மாவட்டம்

மருத்துவ உதவியாளருக்கு வேண்டியதை அண்ணன் விரிவாக எழுதிவிட்டார். ஓட்டுநரின் உடம்பில் இருக்க வேண்டியவை கொஞ்சம் வேறு. தொப்பூர் கணவாயின் நீண்ட இறக்கத்தில், சரக்கு லாரிகள் கட்டுப்பாட்டை இழந்து முன்னால் போகும் வண்டிகள் மீது மோதுவது இந்தப் பக்கம் எல்லோரும் அறிந்தது. அங்கே நாங்கள் போய் இறங்கும்போதும் மேலேயிருந்து லாரிகள் வந்துகொண்டேதான் இருக்கும். ஆகவே எனக்கு முதல் பொருள் ஒளிரும் மேலாடை. அதன் மஞ்சள் நிறம் பகலுக்கு, வெள்ளிப்பட்டை இரவுக்கு. அழுக்கும் கிரீஸும் படிந்த பட்டை முகப்பு விளக்கின் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பாது. எனவே அதைத் துவைப்பதும், பட்டை உரிந்தால் வேறு மேலாடை கேட்டு வாங்குவதும் என் வேலையில் ஒரு பகுதி என்றே கருதுகிறேன்.

அடுத்தது கண்ணாடி உடைக்கும் சிறு குத்தூசி. கவிழ்ந்த கார் ஒன்றில் நான்கு கதவுகளும் நெளிந்து இறுகியிருந்தன. பின் இருக்கையில் ஒரு சிறுவன் அழுதுகொண்டிருந்தான். கூட்டத்தில் ஒருவர் பெரிய கல்லால் முன் கண்ணாடியை அடித்துக்கொண்டே இருந்தார். முன் கண்ணாடி என்பது இரண்டு தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் ஒட்டியது. விரிசல் விடுமே தவிர வழி விடாது. பக்கவாட்டுக் கண்ணாடியோ வெப்பத்தில் கடினமாக்கப்பட்டது. அதன் மூலையில் குத்தூசியை வைத்து அழுத்தினால் மொத்தமும் பொடியாக உதிர்ந்துவிடும். சிறுவனுக்குத் தொலைவில் இருந்த ஜன்னலைத் தேர்ந்தெடுத்து, அவனை முகத்தை மூடிக்கொள்ளச் சொல்லிவிட்டு உடைத்தோம். சில கார்களில் இப்போது பக்கவாட்டிலும் படலம் ஒட்டிய கண்ணாடி வருவதால், ஒரு ஜன்னல் உதிராவிட்டால் அங்கேயே நின்று போராடாமல் வேறு ஜன்னலுக்குப் போக வேண்டும்.

தலையில் மாட்டும் விளக்கு பற்றி ஒரு வார்த்தை. கையில் பிடிக்கும் டார்ச் வைத்திருப்பவர் ஒரு கையை இழந்தவர். ஸ்ட்ரெச்சரின் ஒரு முனையை நான்தானே தூக்க வேண்டும்.

மருத்துவ உதவியாளர், கூடலூர்

தலைவிளக்கைப் பற்றிச் சகோதரர் சொன்னதை மலைப்பகுதியில் இருப்பவர்கள் அனைவரும் ஒப்புக்கொள்வோம். தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகள் பலவற்றுக்கு வண்டி போகாது. சாலையோரம் நிறுத்திவிட்டு, யானை நடமாட்டம் பற்றி ஊர்க்காரர்களிடம் கேட்டுக்கொண்டு, செடிகளுக்கு நடுவே நடந்துதான் போக வேண்டும். மழைக்காலத்தில் அட்டை ஏறாமலிருக்கக் காலுறையைக் கால்சட்டைக்கு மேலே இழுத்து விட்டுக்கொள்வதும் இங்கே பணித் தயாரிப்பில் சேரும்.

ஒரு பிரசவத்தைச் சொல்கிறேன். இரண்டாவது பிரசவம் என்பதால் வலி விரைவாக முற்றிவிட்டது. நாற்காலியில் உட்காரவைத்து நான்கு பேர் தூக்கி வந்துகொண்டிருந்தபோது, பாதி வழியிலேயே குழந்தையின் தலை தெரியத் தொடங்கியதால், அங்கேயே தார்ப்பாய் விரித்துப் படுக்கவைத்தோம். பிரசவப் பெட்டி பின்னால் வந்துகொண்டிருந்த பையில் இருந்தது. என் தோளில் தொங்கும் சிறு பையில், மழை புகாத உறைக்குள், இரண்டு இணை கிருமிநீக்கிய கையுறை, தொப்புள்கொடியைக் கவ்வும் கிளிப்புகள், உலர்ந்த பருத்தித் துண்டு, குழந்தைக் குல்லாய் ஆகியவை இருந்தன. அந்த நேரத்துக்கு அவையே போதுமாக இருந்தன. குழந்தை வந்தவுடன் துண்டால் நன்றாகத் துடைத்தேன், துடைக்கும்போதே அழுதுவிட்டது. ஈரத்துண்டை அகற்றி, தாயின் வெறும் மார்பின் மீது படுக்கவைத்து, தலையில் குல்லாய் மாட்டி, மேலே கம்பளி போர்த்தினோம். அழுகிற குழந்தைக்குக் கொடியை உடனே வெட்ட வேண்டிய அவசரம் இல்லை. ஒன்று முதல் மூன்று நிமிடம் காத்திருந்தால் நஞ்சுக்கொடியிலிருந்து குழந்தைக்கு இன்னும் இரத்தம் போய்ச் சேரும். அதற்குள் பையும் வந்து சேர்ந்தது, புது பிளேடும் கிடைத்தது. மலைக்குளிரில் ஈரமான பச்சிளம் குழந்தை சில நிமிடங்களிலேயே வெப்பத்தை இழந்துவிடும் என்பதால், என் பட்டியலில் உலர்ந்த துண்டைக் கத்தரிக்கோலுக்கும் முன்னால் வைப்பேன்.

விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரை இங்கே அப்படியே நம்ப முடியாது. குளிரில் சில்லிட்ட விரலில் இரத்த ஓட்டம் குறைந்திருப்பதால் எண் வராது, அல்லது தாறுமாறாக வரும். நோயாளியின் கையை நம் இரு கைகளுக்குள் வைத்துத் தேய்த்துச் சூடாக்கிய பிறகு மாட்ட வேண்டும். அடர்நிற நகப்பூச்சு இருந்தாலும் அளவு பிசகும். மூடிய அறையில் அடுப்புக்கரி புகைந்து மயங்கியவர்களிடம் இன்னும் கவனம் தேவை. கார்பன் மோனாக்சைடு ஏறிய இரத்தத்தையும் அந்தக் கருவி நல்ல இரத்தம் என்றே காட்டும். திரையில் 98 என்று தெரிந்தாலும் ஆக்சிஜனை நிறுத்தக் கூடாது.

பெண்களுக்கான சீருடையில் பைகள் ஆழமில்லாமல் தைக்கப்படுவதைப் பற்றியும் எழுதியாக வேண்டும். குனிந்தால் மார்க்கர் விழுகிறது, உட்கார்ந்தால் கத்தரி வெளியே வருகிறது. தையல்காரரிடம் கொடுத்து, தொடைப் பக்கத்தில் மூடியுள்ள பை ஒன்றை நானே தைத்துக்கொண்டேன். பணிக்கு வரும் பெண்கள் கருவிகளைத் தூக்கித் திரிய வேண்டியவர்கள் என்பது சீருடை தைக்கும் இடத்திலேயே நினைக்கப்பட வேண்டும். மாதவிடாய் நாப்கினும் மாற்று உடையும் வண்டியில் என் தனிப்பையில் எப்போதும் உண்டு. பிரசவ அழைப்பில் அந்த நாப்கின் தாய்க்கும் உதவியிருக்கிறது.

இருசக்கர ஆம்புலன்ஸ் ஊழியர், சென்னை

நெரிசலில் பெரிய வண்டிக்கு முன்னால் போய்ச் சேருவதே எங்கள் வேலை. கோடம்பாக்கத்தில் நடைபாதையில் ஒருவர் உளறிக்கொண்டு கிடந்தார்; குடித்துவிட்டு விழுந்திருக்கிறார் என்று கடைக்காரர்கள் உறுதியாகச் சொன்னார்கள். வியர்வையில் சட்டை முழுக்க நனைந்திருந்தது. விரல் நுனியில் குத்தி, குளுக்கோமீட்டரில் சர்க்கரை அளவு பார்த்தபோது 38 மில்லிகிராம் காட்டியது. 70க்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை. இவ்வளவு கீழே போனவருக்குக் குழறலும், சில சமயம் பக்கவாதம் போலவே ஒரு பக்கக் கை கால் தளர்ச்சியும் வரும். அதற்குள் யாரோ அவர் வாயில் குளிர்பானத்தை ஊற்றப் போனார்கள். விழுங்கும் நினைவில்லாதவருக்கு அது நுரையீரலுக்குள் போய்விடும் என்று சொல்லித் தடுத்து, கட்டுப்பாட்டு அறை மருத்துவரிடம் பேசி, ஊசி வழியாகக் குளுக்கோஸ் ஏற்றினோம். கொஞ்ச நேரத்தில் எழுந்து உட்கார்ந்து மனைவியின் பெயரைச் சொல்லி, அவருக்குத் தகவல் தெரிவிக்கச் சொன்னார். சட்டைப்பையில் சர்க்கரை நோய்க்கான மாத்திரைச் சீட்டு இருந்தது. அன்றிலிருந்து, உளறுபவர் யாராக இருந்தாலும் விரல் நுனியில் குத்திச் சர்க்கரை அளவைப் பார்க்காமல் நான் எந்த முடிவுக்கும் வருவதில்லை.

சர்க்கரை பார்க்கும் அந்தக் கருவியில் செருகும் பட்டைகளுக்குச் சென்னை வெயில் பெரும் எதிரி. வண்டிப்பெட்டியில் வெந்துபோன பட்டையும், மூடி சரியாக மூடாத டப்பாவில் ஈரம் இழுத்த பட்டையும் தவறான எண்ணைக் காட்டும். நான் அந்த டப்பாவைப் பெட்டியில் விடாமல், பணி முடியும் வரை நிழலில் என்னோடு எடுத்துச் செல்கிறேன். பழம் நறுக்கிய விரலில் குத்தினால் இல்லாத சர்க்கரை தெரியும் என்பதால், முதலில் தண்ணீரால் துடைத்து உலரவிட்ட பிறகே குத்த வேண்டும்.

செவிலியர், அரசு மருத்துவமனை அவசரப் பிரிவு

நீங்கள் கொண்டுவரும் நோயாளியை வாங்கிக்கொள்ளும் இடத்தில் இருப்பவள் என்ற முறையில் ஒரு வேண்டுகோள். பல தம்பிகள் நாடித்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் கையுறையின் மேல் எழுதிக்கொண்டு வருகிறார்கள். ஒப்படைத்ததும் கையுறையைக் கழற்றிக் குப்பையில் போட்டால் அந்த எண்களும் போய்விடும். உங்கள் தொடையின் மேல் ஓர் அகலமான பிளாஸ்திரியை ஒட்டி அதில் எழுதினால், நோயாளியை வண்டியிலிருந்து இறக்கும்போது அதை உரித்து அப்படியே எங்கள் கேஸ் தாளில் ஒட்டிவிடலாம். வழியில் எத்தனை மணிக்கு என்ன கொடுத்தீர்கள் என்பது அதில் இருந்தால், மருத்துவருக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை.

பூச்சிமருந்து தெளிக்கும்போது மயங்கி விழுந்த விவசாயத் தொழிலாளர்களைக் கொண்டுவரும்போது, வெள்ளை ரப்பர் கையுறையை நம்பாமல் நைட்ரைல் என்னும் செயற்கை ரப்பர் கையுறையை அணிந்து, நனைந்த உடையை வெட்டி அகற்றிவிட்டு வாருங்கள். உடையில் இருக்கும் மருந்து அவருடைய தோல் வழியாகவும், தொடுபவரின் தோல் வழியாகவும் ஏறிக்கொண்டேயிருக்கும். அப்படி வெட்டிய கத்தரியை முதலில் சோப்புத் தண்ணீரில், அலகுகளை விரித்து, நடுத் திருகாணியின் இடுக்கு வரை தேய்த்துக் கழுவுங்கள். பிளீச்சிங் கரைசலில் இரவு முழுக்க ஊறப்போட்டால் எஃகு அரித்து அலகு மழுங்கிவிடும். கழுவி உலர்ந்த பிறகு 70 சதவீத ஸ்பிரிட்டால் துடைத்து வைத்தால், அடுத்த ஷிஃப்டில் வருபவர் அதைத் தயக்கமின்றி எடுத்துக்கொள்வார்.