ஈரத்தோடு போட்ட உறை

பெங்களூரின் இதமான காற்றை நம்பி நாங்கள் செய்த தவறு இது. நண்பர்கள் நால்வர் சேர்ந்து வாங்கிய பழைய கண்ணாடியிழை கிளைடரை (எஞ்சின் இல்லாமல் பறக்கும் விமானம்), விமானக் கொட்டகையான ஹேங்கரில் இடம் கிடைக்காததால், இரண்டு கோடைக்காலம் வெளியே நிறுத்தியிருந்தோம். ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்த ஊரில் உடலுக்கு வெப்பம் தெரியாவிட்டாலும் புற ஊதாக் கதிர் கடுமையாகவே விழுகிறது என்பதும், ஏப்ரல் கடைசி வாரத்தில் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடுகிறது என்பதும் எங்களுக்கு அப்போது உறைக்கவில்லை.

முதலில் இறக்கையின் மேற்பரப்பு பளபளப்பு இழந்து இலேசாக மஞ்சளித்தது. மெழுகு தேய்த்தால் சரியாகிவிடும் என்று எண்ணியிருந்தபோது, ஓசூரிலிருந்து வந்த மூத்த மெக்கானிக் ஒருவர் மாலை வேளையில் டார்ச் விளக்கைச் சாய்த்துப் பிடித்துக் காட்டினார். கண்ணாடியிழைக்கு மேலே உள்ள வழவழப்பான பிசின் படலமான ஜெல்கோட் பூச்சில், முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு நோக்கி, மயிரிழை போன்ற விரிசல்கள் வரிசையாக ஓடியிருந்தன. இடையிடையே சிறு கொப்புளங்களும் இருந்தன.

"தம்பி, வெயிலை மட்டும் குறை சொல்லாதீங்க. ஈரத்தோட உறை போட்டீங்களா?" என்று கேட்டார்.

போட்டிருந்தோம். கோடை மழை பெய்த மாலைகளில், பாதுகாப்பு என்று நினைத்து, நனைந்த இறக்கையின் மீதே காற்றுப் புகாத தார்ப்பாயை இழுத்து மூடியிருந்தோம். மறுநாள் வெயிலில் அந்த ஈரம் வெளியேற வழியின்றிச் சூடேறிப் பூச்சுக்குள் இறங்கியிருக்கிறது. பல கிளைடர்களின் கட்டமைப்பு 54 டிகிரி செல்சியஸ் வரையே சோதித்துச் சான்றளிக்கப்பட்டது என்பதையும், இறக்கைகளுக்கு வெள்ளை பூசுவது அழகுக்காக அல்ல, அந்த வரம்பைத் தாண்டாமல் காக்கத்தான் என்பதையும் அவர்தான் விளக்கினார்.

மேற்பரப்பின் பெரும்பகுதியை, அடியிலுள்ள இழைத்துணியைத் தொட்டுவிடாமல், கையால் தேய்த்தெடுத்துப் பாலியூரித்தேன் என்ற பெயின்ட் பூசுவதற்குள் ஒரு பறக்கும் பருவமே போய்விட்டது. இப்போது பறந்து முடித்ததும் வெறும் நீரால் கழுவிப் பருத்தித் துணியால் துடைக்கிறோம். முழுதாக உலர்ந்த பிறகே, காற்றுப் புகும் வெள்ளை உறையைப் போடுகிறோம். ஆண்டுக்கு இருமுறை தேய்க்கும் மெழுகில் சிலிக்கோன் இல்லை என்பதைக் கட்டாயம் பார்த்துக்கொள்கிறோம், ஏனெனில் சிலிக்கோன் படிந்த இடத்தில் பின்னர் எந்தப் பூச்சும் பிடிக்காது.

இடது இறக்கையின் அடிப்பகுதியில் விட்டுவைத்த மூன்று விரிசல்களின் நுனியில் பென்சிலால் குறியிட்டிருக்கிறோம். சென்ற மழைக்காலம் முடிந்தும் அவை குறியைத் தாண்டவில்லை.