விடுதிக்கு சைபர் காப்பீடு: எடுத்தவர்கள் வழி சொல்லுங்கள்

கோத்தகிரியில் ஆறு அறைகள் கொண்ட தங்கும் விடுதி நடத்துகிறேன். மே மாதக் கூட்டத்தின் நடுவே எங்கள் வாட்ஸ்அப் கணக்கை யாரோ கைப்பற்றி, மூன்று குடும்பங்களிடம் முன்பணம் பறித்துவிட்டார்கள். கைக்குழந்தையோடு மலையேறி வந்து, பணம் கட்டிய ரசீதை நீட்டிய பெண்ணின் முகம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அவருக்கு அறை கொடுத்தேன். 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகாரும் செய்தேன்.

விருந்தினர்களின் ஆதார் நகல்களும் அதே கைப்பேசியில்தான் இருந்தன. தூக்கத்தைக் கெடுப்பது அதுதான். 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அபராதத்தின் உச்சவரம்பு 250 கோடி ரூபாய்!

எங்கள் தீ விபத்துக் காப்பீட்டில் இதற்கு இடமில்லை. சைபர் காப்பீடு எடுத்த விடுதிக்காரர்கள் சொல்லுங்கள்: நம் இழப்போடு, விருந்தினர் வழக்குத் தொடுத்தால் அந்தச் செலவையும் ஏற்கிறார்களா? ஊழியர் ஏமாந்து ஓ.டி.பி.யைச் சொல்லிவிட்டால் இழப்பீட்டை மறுப்பார்களா? அடுத்த சீசனுக்குள் எடுத்தாக வேண்டும்.