ஃபேர்ம்வேர் ஏத்தும்போது கரண்ட் போயி டேப் செத்துட்டு, உள்ள கடைப் பாக்கிக் கணக்கு கிடக்கு

பனகுடி_காத்தாடி:

வணக்கம் அண்ணாச்சிமாரே. நமக்கு பனகுடி பக்கம். எங்க அத்தான் பலசரக்குக் கடை வச்சிருக்காவ, ரெண்டு வருசமா பாக்கிக் கணக்கு பூரா ஒரு டேப்லதான் கிடக்கு, யாரு எவ்வளவு தரணும், எந்தத் தேதில எத்தன கிலோ அரிசி வாங்கிட்டுப் போனான், எல்லாம் அதுக்குள்ள. நோட்டு கிடையாது. பேக்கப்பும் கிடையாது, இத எழுதும்போதே எனக்கு வெக்கமாத்தான் இருக்கு.

டேப்பு பேரு தெரியாத கம்பெனி, எட்டு இன்ச்சு, சிம் போடுற மாடல், மீடியாடெக் 8766 சிப்பு. கொஞ்ச நாளா வாட்சப்ப தொறந்தாலே தொங்கிட்டு இருந்துச்சு. வித்த கடையில கேட்டதுக்கு "புது ஃபேர்ம்வேர் ஏத்துங்க தம்பி, சரியாயிரும்"னு டேப்ப ஓட்டுற அந்த அடிப்படை சாப்ட்வேர ஒரு ஜிப் ஃபைலாவும் கூட ஒரு வீடியோவும் அனுப்பிவிட்டாவ. நானும் அதுல சொன்ன மாதிரியே லேப்டாப்புல எஸ்பி ஃப்ளாஷ் டூல (மீடியாடெக் டேப்புல ஃபேர்ம்வேர் எழுதுற சாப்ட்வேர்) தொறந்து, எது மெமரில எங்க போகணும்னு சொல்லுற ஸ்கேட்டர் ஃபைல குடுத்து, மொத்தமா அழிக்காம எழுத மட்டும் செய்யுற டவுன்லோட் ஒன்லி வச்சு டேப்ப ஆஃப் பண்ணி கேபிள சொருகுனேன். நல்லாத்தான் ஓடுச்சு. மஞ்சக் கோடு 47 வரைக்கும் வந்துட்டு, பொசுக்குன்னு கரண்ட் போயிட்டு. என் லேப்டாப்புல பேட்டரி போயி மூணு வருசம் ஆச்சு, சுவத்துல கரண்ட் இல்லன்னா அதுவும் ஆஃப். ஊரச் சுத்தி கரண்ட் எடுக்குற காத்தாடி எல்லாம் ஆனிக் காத்துல பேய் மாதிரி சுத்துது, எங்க தெருவுல விளக்கு எரியல, என்னத்தச் சொல்ல.

இப்ப டேப்புல ஒண்ணுமே வரல. லோகோ இல்ல, வைப்ரேட் இல்ல, சார்ஜ் படம் கூட இல்ல. பவர் பட்டன ஒரு நிமிசம் அமுக்கிப் பாத்தாச்சு, வால்யூமோட சேத்தும் அமுக்கியாச்சு. திரும்ப ஃப்ளாஷ் பண்ணலாம்னு சொருகுனா பிரோம் எரர் 4032, டிராம் எனேபிள் ஃபெயில்னு ஒரு பெட்டி வருது. அத்தான்ட்ட இன்னும் சொல்லல, சார்ஜ்ல கிடக்குன்னு சொல்லி வச்சிருக்கேன். சீக்கிரம் யாராவது சொல்லுங்க.

டவுன்_தேரடி:

ப்ரோ ஃபார்மேட் ஆல் பிளஸ் டவுன்லோட் போடுங்க. எல்லாத்தையும் அழிச்சிட்டு புதுசா ஏறும், எனக்கு ஒருக்கா அப்பிடித்தான் ரெடியாச்சு.

அம்பை_சர்வீஸ்:

ஏ தேரடி, சும்மா இருவே, அந்தப் புள்ள கடைக் கணக்கு வேணும்னு அழுதுட்டு இருக்கு, நீ அழிக்கச் சொல்லுத.

தம்பி, அந்த ஃபார்மேட் ஆல் பக்கமே போயிராதிய. கணக்கு போறது ஒரு பக்கம் இருக்கட்டும். அதுல என்விராம்னு ஒரு பகுதி இருக்கு, உங்க டேப்ப அடையாளம் காட்டுற ஐஎம்இஐ நம்பரு, வைஃபை மேக் நம்பரு எல்லாம் அங்கதான் இருக்கு, ஜிப் ஃபைலுக்குள்ள அது வராது. அழிஞ்சா அழிஞ்சதுதான். மாசத்துக்கு ஒருத்தராவது இத அழிச்சிட்டு நம்ம கடைக்கு வருவாவ, "டேப் ஆன் ஆகுது அண்ணாச்சி, சிம்முதான் எடுக்கல"ம்பாவ, வைஃபை லிஸ்ட தொறந்தா பக்கத்து வீட்டு வைஃபைக்கு மேல "என்விராம் வார்னிங்"னு ஒண்ணு உக்காந்திருக்கும். அதப் பாத்தாலே எனக்குத் தெரிஞ்சிரும் என்ன சோலி பாத்திருக்கான்னு.

செத்துட்டுன்னு முடிவு கட்டுறதுக்கு முன்னால ஒண்ணு பாருங்க. மீடியாடெக் சிப்புக்குள்ளயே பூட் ரோம்னு ஒரு சின்ன புரோகிராம் இருக்கு, ஃபேக்டரியில சிலிக்கான்லயே பதிச்சது, அத எந்த அப்டேட்டாலயும் அழிக்க முடியாது. அதுதான் மொதல்ல முழிக்கும், முழிச்சு மெமரில ப்ரீலோடர் எங்கன்னு தேடி அத ஓட்டும், ப்ரீலோடர் வந்து ரேம எழுப்பும், அதுக்குப் பொறவுதான் லோகோ. ப்ரீலோடர் சரியில்லன்னா பூட் ரோம் யூஎஸ்பிய பாத்துக்கிட்டே வாசல்ல நிக்கும். அதனால லேப்டாப்புல டிவைஸ் மேனேஜர தொறந்து வச்சுட்டு கேபிள சொருகுங்க. "மீடியாடெக் ப்ரீலோடர் யூஎஸ்பி வீகாம்"னு வந்து ரெண்டு மூணு செகண்டுல மறைஞ்சா ப்ரீலோடர் உசுரோட இருக்கு. வெறும் "மீடியாடெக் யூஎஸ்பி போர்ட்"னு வந்தா பூட் ரோம்லயே நிக்கின்னு அர்த்தம். பேரு சரியா தெரியலன்னா ப்ராப்பர்ட்டீஸ்ல ஹார்டுவேர் ஐடிய பாருங்க, பிஐடி 2000ன்னா ப்ரீலோடர், 0003ன்னா பூட் ரோம்.

கேபிளையும் பாத்துக்கிடுங்க. சார்ஜுக்குன்னு விக்கிற மலிவு கேபிள்ல நெறைய எண்ணத்துக்கு டேட்டா ஒயரே கிடையாது, வெட்டிப் பாத்தா செவப்பு கறுப்பு மட்டும் இருக்கும், பச்சையும் வெள்ளையும் இருக்காது.

தென்காசி_சாரல்:

சாம்சங்கா இருந்தா அதுக்குன்னு உள்ள ஓடின் டூல்ல, டேட்டாவ அழிக்கிற சிஎஸ்சி ஃபைலுக்கு பதிலா ஹோம் சிஎஸ்சி ஃபைல வச்சு ஏத்துனா டேட்டா நிக்கும். இது மீடியாடெக் சைனா டேப்புன்னா நமக்கு அவ்வளவு தெரியாது, பாலோ பண்ணுதேன். குத்தாலத்துல தண்ணி விழ ஆரம்பிச்சிட்டு, யாராவது வந்தா சொல்லுங்க.

பனகுடி_காத்தாடி:

அண்ணாச்சி பாத்துட்டேன், மீடியாடெக் யூஎஸ்பி போர்ட்னுதான் வருது, 0003. மறையல, அப்பிடியே நிக்கி. டிங்குனு அந்த சத்தம் கேட்டதும் எனக்குப் பாதி உசுரு வந்துட்டு. ஆனா டவுன்லோட் குடுத்தா மறுபடியும் அதே 4032. பேட்டரி இறங்கியிருக்கும்னு நெட்டுல போட்டிருந்தான், மூணு மணி நேரம் சார்ஜ்ல போட்டும் பாத்துட்டேன்.

பாளை_ரீட்பேக்:

கரண்ட் மேல பழியப் போடாதிய. கரண்ட் போகலன்னாலும் இந்த டேப் செத்துத்தான் இருக்கும், ஏன்னு சொல்லுதேன்.

நான் பாத்தவரைக்கும் இந்த டூலு ப்ரீலோடரத்தான் மொதல்ல எழுதும், அது அரை எம்பி கூட இருக்காது, கண்ண மூடித் தொறக்கிறதுக்குள்ள முடிஞ்சிரும். 47ல கரண்ட் போச்சுன்னா சிஸ்டம் பாதியில நின்னிருக்கும், அப்பிடின்னா லோகோ வந்துட்டு அங்கயே சுத்திக்கிட்டு இருக்கணும். உங்களுக்கு லோகோவே இல்ல, டேப்பு பூட் ரோம்லயே நிக்கி. அப்ப எழுதுன ப்ரீலோடர் முழுசாத்தான் ஏறியிருக்கு, ஆனா அது உங்க டேப்போட ப்ரீலோடர் இல்ல. வேற போர்டோடது.

இந்த 4032வும் அதையேதான் சொல்லுது. மொதத் தடவ நீங்க சொருகும்போது டேப்புல இருந்த பழைய ப்ரீலோடரே ரேம எழுப்பிக் குடுத்துட்டு, அதனால டூலு ஜம்முனு ஓடுச்சு. இப்ப அந்த ப்ரீலோடர் இல்ல. ரேம எப்பிடி எழுப்பணும்னு டூலு உங்க ஜிப்புல இருக்கிற ப்ரீலோடர் ஃபைலப் பாத்துதான் தெரிஞ்சுக்கிடும், அது வேற ரேம் சிப்புக்கான அளவு வச்சிருக்கு, ரேம் எந்திரிக்கல, 4032. பேட்டரி இறங்குனாலும் இதே எரர் வரும், ஆனா மூணு மணி நேரம் சார்ஜ் போட்டும் வருதுன்னா நான் ஃபைலத்தான் சந்தேகப்படுவேன்.

இந்த டேப்புக வெளிய பாக்க ஒண்ணுபோல இருக்கும், மாடல் பேரு கூட ஒண்ணுதான், ஆனா கம்பெனிக்காரன் எந்த மாசம் எந்த ரேம், எந்த டிஸ்பிளே மலிவா கிடைக்கோ அதப் போட்டு ஒட்டி அனுப்பிருவான். அதனால பின்மூடியத் தொறந்து போர்டுல வெள்ளை எழுத்துல அச்சடிச்சிருக்கிற நம்பர பாருங்க, கடைசில இருக்கிற வி1.2, வி2.0 அதையும் விடாம. அந்த நம்பரச் சொல்லி ஃபைல கேளுங்க. டேப் பேரச் சொல்லி கேக்காதிய.

கணக்கப் பத்தி. மொதத் தடவ பிஎம்டி (மெமரிய எப்பிடிப் பிரிச்சிருக்குங்கிற பட்டியல்) மாறிருக்குன்னு எரர் ஒண்ணும் வரல, அதனால பார்ட்டிசன் அளவு ரெண்டுலயும் ஒண்ணுதான்னு நம்பலாம். உங்க கணக்கு கிடக்கிற யூசர்டேட்டா பகுதி லிஸ்ட்ல கடைசில இருக்கும், 47ல நின்னது அதத் தொட்டிருக்காது. இனி எப்ப ஃப்ளாஷ் பண்ணாலும் யூசர்டேட்டா பக்கத்துல இருக்கிற டிக்க எடுத்துட்டுத்தான் பட்டன அமுக்கணும், சில ஜிப்புல காலி யூசர்டேட்டா ஒண்ணு உள்ள வச்சிருப்பான், கவனிக்கலன்னா அதுவே அழிச்சிரும். மெமரிய நேரா எடுத்துப் படிக்கலாம்னும் நினைக்காதிய, உள்ள பூரா என்கிரிப்ட் ஆகித்தான் கிடக்கும், தொறக்கிற சாவி அந்த டேப்போட சிப்புலதான் இருக்கு. அந்த டேப்பு தானா பூட் ஆனாத்தான் கணக்கு.

பனகுடி_காத்தாடி:

நேத்து ராத்திரி கடைய அடைச்ச பொறவு கல்லாப்பெட்டி மேல வச்சே தொறந்தேன். பழைய ஏடிஎம் கார்டு ஒண்ண ஓரத்துல விட்டு பைய பைய நெம்புனா டிக் டிக்குன்னு கழண்டு வந்துட்டு. உள்ள பூரா மல்லிப்பொடி, சார்ஜ் ஓட்டை வழியாத்தான் போயிருக்கும் போல, பேட்டரி மேல மஞ்சளா படிஞ்சு கிடந்துச்சு, ஊதுனதுல எனக்குத் தும்மல் நிக்கல. போர்டுல நம்பரு இருக்கு. ஜிப்புல இருந்த ஃபைல் பேருல இருக்கிறதும் அதுவும் வேற வேற. நீங்க சொன்னதுதான். சே.

வித்த கடையில போர்டு நம்பர போட்டோ எடுத்து அனுப்பிக் கேட்டேன், "ஆமா தம்பி அது பழைய லாட்டு"ன்னு கூலா சொல்லிட்டு வேற ஒரு ஜிப் அனுப்பிருக்காவ. இத நம்பி ஏத்தவா? வள்ளியூர்ல சித்தப்பா மகன்ட்ட இதே டேப் இருக்கு, ரெண்டையும் ஒரே நாள்ல ஒரே கடையிலதான் வாங்குனோம்.

பாளை_ரீட்பேக்:

ஒருக்கா தப்பான ஃபைல் குடுத்த ஆளு, நம்பாதிய. வள்ளியூர் டேப் இருக்குல்லா, அது போதும். அதையும் தொறந்து போர்டு நம்பரு ஒண்ணுதானான்னு மொதல்ல பாத்துக்கிடுங்க. அப்பிடின்னா அத ஆஃப் பண்ணிட்டு டூல்ல மெமரிய வாசிக்கிற ரீட்பேக் போயி, ப்ரீலோடர் இருக்கிற ஈஎம்எம்சி பூட் 1 பகுதிய ஒரு எம்பி அளவுக்கு வாசிச்சு எடுங்க. வாசிக்கத்தான் செய்யணும், டவுன்லோட் பட்டன் பக்கம் கை போயிரக்கூடாது, போனா ரெண்டு டேப்புக்கும் சேத்து தெவசம் பண்ணணும். அது நல்ல டேப்புங்கிறதால ப்ரீலோடர் வழியாத்தான் சேரும், 4032 வராது.

வந்த ஃபைல பைட் பைட்டா காட்டுற ஹெக்ஸ் எடிட்டர்ல தொறந்தா ஆரம்பத்துல ஈஎம்எம்சி பூட்னு எழுதியிருக்கும். அது வெறும் தலைப்பு. மொத 2048 பைட்ட வெட்டி எறிஞ்சா அடுத்தாப்புல எம் எம் எம்னு மூணு எழுத்தோட ஆரம்பிக்கும், அங்க இருந்துதான் ப்ரீலோடர். அதையும் புது ஜிப்புல இருக்கிற ப்ரீலோடரையும் ஒப்பிட்டுப் பாருங்க. ஒண்ணுபோல இருந்தா தைரியமா ஏத்தலாம்.

வள்ளியூர் டேப்புல செட்டிங்ஸ்ல செக்யூரிட்டி பேட்ச் தேதியையும் பாத்து வச்சுக்கிடுங்க. புது ஜிப் அதவிட பழசா இருந்தா ஏத்தாதிய, பழசுக்கு இறங்குனா சாவி வேல செய்யாமப் போயிரலாம்.

அம்பை_சர்வீஸ்:

இன்னொண்ணு. அந்த வள்ளியூர் டேப்புல இருந்து என்விராமையும் சேத்து எடுத்து இதுல போட்டுருவோம்னு கோட்டித்தனம் பண்ணிராதிய. ரெண்டு டேப்புக்கும் ஒரே ஐஎம்இஐ ஆயிரும், ஐஎம்இஐய மாத்துறது 2017லயே விதி போட்டு குற்றம்னு ஆக்கிட்டான். உங்க என்விராம் அப்பிடியே இருக்கு, அதத் தொடாம விட்டாலே போதும்.

இந்தத் தடவையாவது பேட்டரி உள்ள லேப்டாப்பா பாருங்க.

டவுன்_தேரடி:

அண்ணாச்சி எனக்கும் அந்த வைஃபைல என்விராம் வார்னிங்னு வருது, நான் ஏதோ பக்கத்து வீட்டுக்காரன் வச்ச பேருன்னு நினைச்சேன்.

அம்பை_சர்வீஸ்:

எடுத்துட்டு கடைக்கு வா. பெட்டி இருந்தா அதையும் கொண்டுட்டு வா, அதுலதான் நம்பரு ஒட்டியிருக்கும்.

பனகுடி_காத்தாடி:

வந்துட்டு!!

போர்டு நம்பரு ரெண்டும் ஒண்ணுதான். ப்ரீலோடரும் புது ஜிப்புல இருந்ததும் ஒரு பைட் விடாம பொருந்திட்டு, பேட்ச் தேதியும் சரி. சித்தப்பா மகன் லேப்டாப்லயே, கரண்ட் இருக்கும்போதே, பேட்டரி 90க்கு மேல வச்சு, யூசர்டேட்டா டிக்க எடுத்துட்டு டவுன்லோட் ஒன்லி குடுத்தேன். செவப்புக் கோடு ஓடுனப்போ ரெண்டு பேரும் பேசல. 4032 வரல. மஞ்சக் கோடு 47ஐத் தாண்டும்போது அவன் சுவிட்ச் போர்டு பக்கத்துல போயி காவலுக்கு நின்னுட்டான், யாரும் கை வச்சிரக்கூடாதுன்னு. பச்சை டிக் வந்தது. கேபிள கழட்டி பவர அமுக்குனா பத்து செகண்டு ஒண்ணுமில்ல, பொறவு வைப்ரேட், லோகோ. அந்த லோகோல ஆறு ஏழு நிமிசம் நின்னுச்சு பாருங்க, அதுதான் கொடுமை. கடைசில பேட்டர்ன் கேட்டுச்சு, போட்டேன், தொறந்துட்டு. கணக்கு ஆப்பு, சிம்மு, வைஃபை எல்லாம் இருந்தது மாதிரியே இருக்கு.

மொத வேலையா கணக்க எக்ஸ்போர்ட் பண்ணி என் மெயிலுக்கும் மதினி போனுக்கும் அனுப்பிட்டேன். அத்தான்ட்ட அப்பதான் விசயத்தச் சொன்னேன். திட்டல, ஆனா அப்பவே நீளமா ஒரு நோட்டு எடுத்து பெரிய பாக்கியெல்லாம் பேனாவால எழுத ஆரம்பிச்சிட்டாவ. டேப்பு போயிட்டுன்னு தெருவுல எப்பிடியோ கசிஞ்சிருக்கு போல, ரெண்டு வாரமா அந்தப் பக்கமே வராத ரெண்டு மூணு பேரு நேத்து ஜாலியா வந்து "என்ன அண்ணாச்சி, கணக்கெல்லாம் அழிஞ்சிட்டாமே"ன்னு விசாரிச்சிருக்கானுவ. அத்தான் ஒண்ணுஞ்சொல்லல, டேப்ப அவனுவ பக்கம் திருப்பிக் காட்டிருக்காவ.