பெட்ரோல் செலவு கையைக் கடிக்கிறது, மைலேஜ் கூட்ட வழி சொல்லுங்கள் (அவசரம்)

மாலைவெயில்:
வணக்கம். பெட்ரோல் விலை ஏறியதிலிருந்து மாதச் செலவு தாங்கவில்லை. விலை ஏறியது பத்தில் ஒரு பங்குதான். என் செலவோ கால் பங்குக்கும் மேலே ஏறிவிட்டது. அதே அலுவலகம், அதே வழி, அதே வண்டி. ஏசியைக்கூடக் குறைத்துவிட்டேன். ஏதாவது வழி இருந்தால் சீக்கிரம் சொல்லுங்கள். வண்டியை விற்றுவிடு என்று மட்டும் சொல்லாதீர்கள், அதை வீட்டிலேயே சொல்லியாயிற்று.

தார்ச்சாலை:
என்ன வண்டி? எத்தனை வருடம் ஆகிறது? மேனுவலா, ஆட்டோமேட்டிக்கா? அலுவலகம் எவ்வளவு தூரம்? மைலேஜ் முன்பு எவ்வளவு, இப்போது எவ்வளவு? இதெல்லாம் தெரியாமல் என்ன சொல்வது?

காற்றுப்பை:
முதலில் டயரில் காற்றைப் பாருங்கள். பத்தில் ஒன்பது பேருக்கு அதுதான் காரணம். வண்டி ஓடாமல் டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். எவ்வளவு வைக்க வேண்டும் என்பது ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் ஒட்டியிருக்கும். டயரின் பக்கவாட்டில் எழுதியிருப்பது அதிகபட்ச அளவு, அதை வைத்துவிடாதீர்கள்.

கலப்புக்கணக்கு:
டயரெல்லாம் அப்புறம். இப்போது வருகிற பெட்ரோலில் எத்தனால் எவ்வளவு என்று பங்கில் கேட்டுப் பாருங்கள். ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல், ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. விலையும் ஏறும், பொருளும் நீர்க்கும். இரண்டு பக்கமும் அடி நமக்குத்தான்.

பழையசாவி:
மாதம் ஒருமுறை இந்தக் கேள்வி வருகிறது. மேலே தேடல் பெட்டி என்று ஒன்று இருக்கிறது, அதற்கும் கொஞ்சம் வேலை கொடுக்கலாம். சரி, புதியவர் என்பதால் சொல்கிறேன். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். 80-இல் போகிறவர் 100-இல் போனால் எதிர்ப்பு ஒன்றரை மடங்குக்கும் மேலாகிவிடும். எனவே வேகத்தைக் குறைக்கவும். மேல்கூரையில் கேரியர் இருந்தால் கழற்றவும். பின்னால் டிக்கியில் இருக்கும் குப்பையை இறக்கவும். இதைச் செய்யாமல் மைலேஜ் இல்லை என்று புலம்பிப் பயனில்லை.

மாலைவெயில்:
சின்ன கார்தான், மேனுவல். எட்டு வருடம் ஆகிறது. நகரத்துக்குள்ளேதான் ஓட்டுகிறேன், 40-ஐத் தாண்டினாலே பெரிய விஷயம். கேரியர் இல்லை. டிக்கியில் குடை மட்டும் இருக்கிறது. மைலேஜ் 15 காட்டுகிறது.

தார்ச்சாலை:
காட்டுகிறது என்றால் டாஷ்போர்டு திரையிலா? பல வண்டிகளில் அது கொஞ்சம் தாராள மனதோடுதான் காட்டும். ஃபுல் டேங்க் முறையில் கணக்கிடுங்கள். பங்கில் நாஸில் தானாக நிற்கும் வரை நிரப்பி, ட்ரிப் மீட்டரைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். கால் டேங்க் அளவுக்கு வந்ததும் மறுபடி அதேபோல் நிரப்புங்கள். ஓடிய கிலோமீட்டரை இரண்டாவது முறை போட்ட லிட்டரால் வகுத்தால் உண்மை தெரியும். முடிந்தால் அதே பங்க், அதே பம்ப். தானாக நின்ற பிறகு இன்னும் கொஞ்சம் என்று போடச் சொல்லாதீர்கள், கணக்கும் கெடும், டேங்கிலிருந்து வரும் ஆவியைப் பிடிக்கிற கேனிஸ்டரும் கெடும்.

இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. விலை பத்து சதவீதம் ஏறி, ஓடும் தூரம் மாறாமல் இருந்தால் செலவும் பத்து சதவீதம்தான் ஏற வேண்டும். உங்களுக்கு இருபத்தைந்துக்கு மேல் ஏறியிருக்கிறது. மீதி எங்கே போகிறது? விலை உங்கள் கையில் இல்லை. லிட்டர் உங்கள் கையில் இருக்கிறது.

விடியற்காலை:
அதிகாலையில் பெட்ரோல் போடுங்கள் மேடம். குளிரில் பெட்ரோல் சுருங்கியிருக்கும், அதே லிட்டருக்குக் கூடுதலாகக் கிடைக்கும்.

தார்ச்சாலை:
ஒரு டிகிரிக்குப் பெட்ரோல் விரிவது 0.1 சதவீதம் அளவுக்குத்தான். சேமிப்புத் தொட்டி நிலத்தடியில் இருக்கிறது, அங்கே காலைக்கும் மதியத்துக்கும் பெரிய வித்தியாசம் வராது. தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

காந்தவேகம்:
பெட்ரோல் குழாயில் மாட்டும் காந்தம் இருக்கிறது. நான் மாட்டியிருக்கிறேன், நல்ல வித்தியாசம். விவரம் வேண்டுமானால் தனிச்செய்தி அனுப்புங்கள்.

பழையசாவி:
வந்துவிட்டார். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இப்படிப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட சாதனங்களைச் சோதித்துப் பார்த்திருக்கிறது. மைலேஜைக் குறிப்பிடும்படி கூட்டிய ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. காந்தத்தைக் குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டுங்கள்.

பள்ளத்தாக்கு:
இவ்வளவு பேர் பேசுகிறீர்கள், எளிய வழியை யாரும் சொல்லவில்லையே. இறக்கத்தில் நியூட்ரலில் போடுங்கள். வண்டி தானாக உருளும், பெட்ரோல் மிச்சம். என் அப்பா காலத்திலிருந்து செய்கிறோம்.

கியர்விரல்:
அண்ணா, அது கார்ப்புரேட்டர் காலத்துக் கதை. இப்போதைய இன்ஜெக்ஷன் வண்டியில் (பெட்ரோலைக் கணினி அளந்து விடும் வகை) கியரில் இருந்தபடி ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், இன்ஜின் வேகம் ஓரளவுக்கு மேல் இருக்கும் வரை கணினி பெட்ரோலையே நிறுத்திவிடும். சக்கரம்தான் இன்ஜினைச் சுழற்றும், செலவு பூஜ்யம். நியூட்ரலில் போட்டால் இன்ஜின் ஐட்லிங்கில் (வண்டியை இழுக்காமல் சும்மா) ஓட வேண்டும், அதற்குப் பெட்ரோல் வேண்டும்.

பள்ளத்தாக்கு:
தம்பி, கியரில் இருந்தால் வண்டி பிடித்து இழுக்கும். சீக்கிரம் வேகம் குறையும், மறுபடி ஆக்சிலரேட்டரை மிதிக்க வேண்டும். நியூட்ரலில் அரை கிலோமீட்டர் கூடவே உருளும். அந்தக் கணக்கை யார் பார்ப்பது?

கியர்விரல்:
லேசான சரிவில் அது உண்மையாக இருக்கலாம், மறுக்கவில்லை. செங்குத்தான இறக்கத்தில் எப்படியும் பிரேக் பிடிக்கத்தானே போகிறீர்கள்? இன்ஜின் பிடிமானம் இல்லாமல் முழு பாரமும் பிரேக் மேல் விழுந்து அது சூடாகும். நீளமான மலையிறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போவது அப்படித்தான். சிலர் சாவியையே அணைக்கிறார்கள், அது இன்னும் மோசம். பிரேக் பூஸ்டரும் பவர் ஸ்டீயரிங்கும் கைவிட்டுவிடும்.

பழையசாவி:
இரண்டு பேரும் வேறு இழை தொடங்கலாமே. கேட்டவர் நகரத்துக்குள் 40-இல் போகிறார், அவருக்கு ஏது மலை?

கலப்புக்கணக்கு:
அவருக்கு 80-உம் 100-உம் சொன்னதும் நீங்கள்தான் ஐயா.

இரட்டைவண்டி:
ஒரு சின்ன சந்தேகம், இங்கேயே கேட்டுவிடுகிறேன். வீட்டில் இரண்டு வண்டி. பெரியது லிட்டருக்கு 10, சின்னது 20. இரண்டும் ஒரே அளவுதான் ஓடும். கையில் இருக்கும் பணத்துக்கு ஒன்றைத்தான் பழுதுபார்க்க முடியும். பெரியது 12 ஆகலாம், சின்னது 25 ஆகலாம் என்கிறார் மெக்கானிக். சின்னதுதானே லாபம்?

தார்ச்சாலை:
பெரியதைப் பாருங்கள். நூறு கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று திருப்பிப் போட்டுப் பார்த்தால் தெரியும். பெரியது 10 லிட்டரிலிருந்து 8.3-க்கு வரும், மிச்சம் 1.7 லிட்டர். சின்னது 5-லிருந்து 4-க்கு வரும், மிச்சம் 1 லிட்டர். லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்று பார்க்கும்போது கண் ஏமாந்துபோகும்.

இரட்டைவண்டி:
அட! இதை வீட்டில் எப்படிப் புரியவைப்பது என்றுதான் தெரியவில்லை. நன்றி.

காற்றுப்பை:
கேட்டவர் டயரைப் பார்த்தாரா இல்லையா?

மாலைவெயில்:
பார்த்தேன். நான்கிலும் 5, 6 பிஎஸ்ஐ குறைவாக இருந்தது, அடித்துவிட்டேன். ஃபுல் டேங்க் கணக்கும் போட்டேன். 13 வருகிறது. திரையில் இன்னும் 15-தான். வண்டி வாங்கிய புதிதில் இதே மாதிரி கணக்குப் போட்டுப் பின்பக்கம் எழுதிவைத்திருந்த பில் கிடைத்தது, அதில் 15. அலுவலகம் ஒரு பக்கம் 9 கிலோமீட்டர்.

காற்றுப்பை:
பார்த்தீர்களா, நான் சொன்னேன் அல்லவா! டயர்தான்.

தார்ச்சாலை:
அவசரப்படாதீர்கள். நான்கு டயரிலும் ஒரு பிஎஸ்ஐ குறைந்தால் மைலேஜ் இறங்குவது சுமார் 0.2 சதவீதம். ஆறு குறைந்தால் ஒரு சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே. 15-லிருந்து 13-க்கு வந்தால் அதே தூரத்துக்கு 15 சதவீதம் பெட்ரோல் கூடுதலாகப் போகிறது என்று பொருள். அவர் சொன்ன செலவுக் கணக்கோடு இது சரியாகப் பொருந்துகிறது. டயரால் மட்டும் இவ்வளவு ஆகாது. எத்தனாலும் முழுக் காரணமாக இருக்காது. இருபது சதவீதம் கலந்தாலே ஆற்றல் குறைவது ஆறேழு சதவீதம்தான்.

மேடம், இன்னும் மூன்று விஷயம் பாருங்கள். ஒன்று, வண்டியை நிறுத்தியதும் சக்கரங்களின் அருகே கையைக் கொண்டுபோங்கள் (தொட வேண்டாம்). ஒன்று மட்டும் மற்றவற்றைவிட அதிகமாகக் கொதித்தால் பிரேக் பிடித்தபடியே ஓடுகிறது. இரண்டு, சமதளத்தில் நியூட்ரலில் லேசாகத் தள்ளினால் நகர்கிறதா? மூன்று, இன்ஜின் வெப்பநிலை காட்டும் ஊசி எங்கே நிற்கிறது?

பழையசாவி:
ஏர் ஃபில்டரை விட்டுவிட்டீர்கள். எட்டு வருட வண்டி, அடைத்துப்போயிருக்கும்.

கியர்விரல்:
இன்ஜெக்ஷன் வண்டியில் ஃபில்டர் அடைத்தால் இழுவைதான் குறையும். உள்ளே வரும் காற்றை அளந்துதான் கணினி பெட்ரோல் விடுகிறது, அதனால் மைலேஜ் பெரிதாக இறங்காது. இதுவும் கார்ப்புரேட்டர் காலத்துக் கதைதான்.

பழையசாவி:
உங்களுக்கு எல்லாமே கார்ப்புரேட்டர் காலத்துக் கதை. நான் இந்தத் தொழிலைப் பார்த்த வருடங்களுக்கு உங்கள் வயது இருக்குமா தெரியாது.

மாலைவெயில்:
சக்கரம் எல்லாம் ஒரே மாதிரிதான். தள்ளினால் நகர்கிறது. ஊசி எப்போதும் பாதிக்குக் கீழேயே நிற்கிறது, இன்ஜின் சூடாவதே இல்லை. அந்த விஷயத்தில் வண்டி நன்றாக இருக்கிறது.

தார்ச்சாலை:
நன்றாக இல்லை! அதுதான் விஷயம் என்று நினைக்கிறேன். 9 கிலோமீட்டர் ஓடியும் ஊசி நடுவுக்கு வரவில்லை என்றால் தெர்மோஸ்டாட் திறந்தபடி சிக்கியிருக்கலாம். இன்ஜின் 90 டிகிரி சுற்றுவட்டாரத்தில் ஓடுவதற்காகச் செய்யப்பட்டது. குளிர்ந்திருக்கும்போது கூலன்ட்டை (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) ரேடியேட்டர் பக்கம் விடாமல் அடைத்துவைப்பதுதான் தெர்மோஸ்டாட்டின் வேலை. அது மூடாவிட்டால் முதல் நிமிடத்திலிருந்தே ரேடியேட்டர் குளிர்வித்துக்கொண்டே இருக்கும். இன்ஜின் இன்னும் குளிராக இருக்கிறது என்று கணினி கூடுதல் பெட்ரோல் விடும். எண்ணெயும் கெட்டியாகவே இருந்து உராய்வைக் கூட்டும். தினமும், முழு வழியும், காலையில் முதன்முதலாகக் கிளப்பிய நிலையிலேயே ஓட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முன்பும் ஊசி இப்படித்தான் இருந்ததா?

பழையசாவி:
நகர நெரிசலில் 9 கிலோமீட்டர் என்றால் குறும்பயணம்தான். குறும்பயணத்தில் எந்த இன்ஜினுக்கும் மைலேஜ் வராது. தெர்மோஸ்டாட் என்று கிளப்பிவிட்டு அவரை வீண் செலவில் தள்ளாதீர்கள்.

மாலைவெயில்:
முன்பு பாதி வழியிலேயே நடுவுக்கு வந்துவிடும். எப்போது மாறியது என்று கவனிக்கவில்லை.

தார்ச்சாலை:
அப்படியானால் மெக்கானிக்கிடம் அதைப் பார்க்கச் சொல்லுங்கள். சோதனை எளிது. இரவு முழுதும் நின்ற வண்டியைக் கிளப்பி, ரேடியேட்டருக்குப் போகும் மேல் குழாயைத் தொட்டுப் பார்ப்பார்கள். தெர்மோஸ்டாட் சரியாக இருந்தால் கொஞ்ச நேரம் குளிர்ந்தே இருந்து, திறந்ததும் சட்டென்று சூடாகும். தொடக்கத்திலிருந்தே மெல்ல மெல்ல வெதுவெதுப்பானால் சிக்கியிருக்கிறது (சில வண்டிகளில் தெர்மோஸ்டாட் வேறு பக்கம் இருக்கும், அவருக்குத் தெரியும்). நீங்களாகச் செய்ய வேண்டாம், மின்விசிறி சொல்லாமல் சுழலும். சூடான ரேடியேட்டர் மூடியை யாரும் திறக்கக் கூடாது. மாற்றும்போது கூலன்ட்டும் புதிதாக ஊற்றச் சொல்லுங்கள், வெறும் தண்ணீர் வேண்டாம்.

பள்ளத்தாக்கு:
நியூட்ரல் விஷயத்துக்கு வருகிறேன். ஐட்லிங்கில் மணிக்கு ஒரு லிட்டர்கூடப் போகாது. இறக்கம் இரண்டு நிமிடம். இதற்கா இவ்வளவு பேச்சு?

கியர்விரல்:
அவ்வளவு குறைவு என்றால் மிச்சமாவதும் அவ்வளவு குறைவுதானே அண்ணா? அதற்காக ஏன் பிரேக்கை நம்பி இறங்க வேண்டும்?

கலப்புக்கணக்கு:
இழையே இறக்கத்தில் போய்க்கொண்டிருக்கிறது.

விடியற்காலை:
மேடம் என்ன ஆனார்?

மாலைவெயில்:
மன்னிக்கவும், வேலை அதிகம். தெர்மோஸ்டாட்தான், திறந்தே சிக்கியிருந்தது. மாற்றியாயிற்று, கூலன்ட்டும் மாற்றினார்கள். ஊசி இப்போது நடுவில் நிற்கிறது. ஸ்கேனர் வைத்து ஏதோ பி0128 என்று வந்த பிழைக் குறியீட்டையும் அழித்தார்கள், அந்த மஞ்சள் விளக்கும் அணைந்துவிட்டது. தார்ச்சாலை சார், மிக்க நன்றி.

பழையசாவி:
மஞ்சள் விளக்கா? செக் இன்ஜின் விளக்கு இத்தனை நாளும் எரிந்துகொண்டிருந்ததா?

மாலைவெயில்:
ஆமாம், ரொம்ப நாளாக. அதை யாரும் கேட்கவில்லையே.

தார்ச்சாலை:
அடுத்த ஃபுல் டேங்க் கணக்கு எவ்வளவு வருகிறது என்று எழுதுங்கள்.

காற்றுப்பை:
டயரிலும் மாதம் ஒருமுறை காற்றைப் பாருங்கள். ஒரு சதவீதம் என்றாலும் காசுதான்.

தார்ச்சாலை:
மேடம், கணக்கு?

பள்ளத்தாக்கு:
அவர் வரும் வரை ஒன்று கேட்கிறேன். லேசான சரிவில் நியூட்ரல்தான் லாபம் என்று கியர்விரல் தம்பி மேலே ஒப்புக்கொண்டிருக்கிறார், யாரும் கவனிக்கவில்லையா?

கியர்விரல்:
"இருக்கலாம்" என்றுதான் சொன்னேன்.