ஹோனிங் ஸ்டோனுக்குத் தமிழ்ச் சொல்: தீட்டுக்கல்லும் அதன் மூன்று வகைகளும்

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

கத்தியைக் கூராக்கும் கல்லான ‘ஹோனிங் ஸ்டோன்’ என்பதற்கு விக்சனரியில் ஏற்றத் தமிழ்ச் சொல் தேடும் நம் உரையாடல் இழையில் இதுவரை சாணைக்கல், நுண்கல், மெருகுக்கல், கூர்க்கல் என்று நான்கு பரிந்துரைகள் வந்திருக்கின்றன. நான் மடக்குச் சவரக்கத்தியால் மழித்துக்கொள்பவன். கத்தியை நானே தீட்டுகிறேன். அந்த வேலையை வைத்து என் கருத்தைச் சொல்கிறேன். பொதுப்பெயராகத் ‘தீட்டுக்கல்’ போதும். அதற்குள் வகை பிரிக்கும்போது, கல்லின் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பார்க்காமல், அது கத்தியின் வாயில், அதாவது வெட்டும் விளிம்பில், என்ன வேலை செய்கிறது என்று பார்த்துப் பெயர் வைக்க வேண்டும்.

முதலில் சாணைக்கல். அகராதிப்படி அதுவும் தீட்டும் கல்தான், மறுக்கவில்லை. ஆனால் இன்று ‘சாணை பிடிப்பது’ என்றால் சுழலும் சக்கரமும் தெறிக்கும் பொறியும்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். அரிவாளுக்கும் கத்தரிக்கோலுக்கும் அது சரி. சவரக்கத்தியின் அலகோ இருபுறமும் குழித்து எடுக்கப்பட்டு, வாய்ப்பக்கம் மிக மெல்லியதாக இருக்கும். உலர்ந்த சக்கரத்தில் வைத்தால் நொடியில் சூடேறி எஃகின் பதம் போய்விடும். பதம் போன இடத்தில் கூர் நிற்காது. ‘சவரக்கத்தியைச் சாணைக்கல்லில் தீட்டவும்’ என்று நாம் எழுதி, அதைப் படித்த ஒருவர் தாத்தா காலத்துக் கத்தியைச் சக்கரக்காரரிடம் கொண்டுபோனால் அந்தப் பொறுப்பு நம்முடையது.

சாணையை ஒதுக்கினாலும் அதோடு வரும் ஒரு சொல்லை விடக்கூடாது. அது குருந்தம், மிகக் கடினமான ஒரு கனிமம். பழைய சாணைச் சக்கரங்கள் குருந்தப்பொடியை அரக்கோடு சேர்த்து வார்க்கப்பட்டவை. ஆங்கிலத்தின் ‘கொரண்டம்’ நம் குருந்தத்திலிருந்து போனதாகவே அகராதிகள் சொல்கின்றன. இன்று விற்கும் செயற்கைத் தீட்டுக்கற்களில் பெரும்பாலானவற்றில் இருப்பது அலுமினியம் ஆக்சைடு, அதாவது அதே குருந்தம். அதனால் ‘சிந்தெட்டிக் ஸ்டோன்’ என்பதற்குச் ‘செயற்கைக்கல்’ என்று மொட்டையாக எழுதாமல், பொருந்தும் இடத்தில் ‘செயற்கைக் குருந்தக்கல்’ என்று எழுதலாம்.

அடுத்து ‘கிரிட்’, கல்லின் மேல் அச்சிட்டிருக்கும் எண். இதற்குக் ‘கூர்மை எண்’ என்று வந்த பரிந்துரையை நான் ஏற்கவில்லை. அந்த எண் கூர்மையை அளக்கவில்லை, கல்லில் இருக்கும் துகளின் அளவைத்தான் குறிக்கிறது. ஜப்பானியத் தர அளவில் 1000 என்றால் துகள் ஏறக்குறைய 11.5 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), 4000 என்றால் 3 மைக்ரான், 8000 என்றால் 1.2 மைக்ரான். எண் ஏற ஏறத் துகள் சிறுக்கும். ‘துகளெண்’ என்றால் குழப்பம் இல்லை. அமெரிக்க, ஐரோப்பிய அளவுகளில் அதே எண்ணுக்கு வேறு துகள் என்பதால் ‘ஜப்பானியத் துகளெண் 1000’ என்று தரத்தையும் சேர்த்து எழுதுவது நல்லது.

இயற்கைக் கற்களுக்கு வரும்போது இந்த எண் கைவிட்டுவிடும். பெல்ஜியத்தின் ஆர்டென் மலைப்பகுதியில், வியல்சால்ம் ஊரை ஒட்டி எடுக்கப்படும் மஞ்சள் நிறக் கோட்டிக்யூல் கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் அறுக்கும் வேலையைச் செய்பவை கார்னெட் என்ற கடினக் கனிமத்தின் நுண்ணிய மணிகள். அவற்றில் பல 5 மைக்ரானுக்கும் பெரியவை. துகளின் அளவை மட்டும் பார்த்தால் 8000 கல்லுக்கு வெகு கீழே வைக்க வேண்டும். ஆனால் தலைமுறை தலைமுறையாக ஐரோப்பிய முடிதிருத்துநர்கள் அந்தக் கல்லிலேயே தீட்டி முடித்து மழித்தார்கள். காரணம் மணியின் வடிவம். கார்னெட்டின் முகங்கள் விரிகோணத்தில் சேர்வதால் அது எஃகில் ஆழமாகக் கீறுவதில்லை. அமெரிக்காவின் ஆர்கன்சா கல்லிலும் இதே சிக்கல்தான். அது கிட்டத்தட்ட முழுக்க நுண்படிகக் குவார்ட்ஸ். துகளெண் இல்லாமல் அடர்த்தியைப் பார்த்து மென்கல், வன்கல், ஒளிகசியும் கல் என்றே தரம் பிரிக்கிறார்கள். அந்தப் பாறைக்கு நோவாக்குலைட் என்று பெயர், லத்தீனில் ‘நோவாக்குலா’ என்றால் சவரக்கத்தி. அங்கேயும் பெயர் வேலையிலிருந்துதான் வந்திருக்கிறது.

சரி, வேலைகள் எவை? மூன்று. அவற்றுக்கு நான் முன்வைக்கும் பெயர்கள் பட்டைக்கல், கூர்க்கல், முடிப்புக்கல்.

பட்டைக்கல்தான் இருப்பதிலேயே முக்கியம். சவரக்கத்தியைத் தீட்டும்போது கோணத்தைக் கை தீர்மானிப்பதில்லை. கத்தியின் முதுகும் வாயும் ஒருசேரக் கல்லில் படியும்படி படுக்கவைத்துத் தள்ளுகிறோம். முதுகின் தடிமனே கோணத்தைத் தந்துவிடும், இருபுறமும் சேர்த்துப் பெரும்பாலும் 16, 17 பாகை. இப்படித் தள்ளும்போது வாயை ஒட்டி இருபக்கமும் ஒரு சிறு தட்டையான பட்டை விழும். இரண்டு பட்டைகளும் அடி முதல் நுனி வரை இடைவெளி இல்லாமல் சந்திக்க வேண்டும். அது அமையாவிட்டால் மேலே எத்தனை விலை உயர்ந்த கல்லைப் போட்டாலும் கத்தி மழிக்காது. வழக்கமாக ஜப்பானியத் துகளெண் 1000 கல் இதற்குப் போதும். ‘பட்டை தீட்டுதல்’ வைரத்துக்கு உரியது, குழப்பும் என்று ஒருவர் எழுதியிருந்தார். இரண்டு இடத்திலும் நடப்பது ஒன்றுதான், தட்டை முகம் உண்டாக்குவது. சொல் வேலைக்கு இவ்வளவு பொருந்தும்போது ஏன் தள்ள வேண்டும்?

கூர்க்கல் என்பது இடைநிலை. 4000, 8000 இங்கே வரும். முந்திய கல்லின் ஆழக் கீறல்களைத் தேய்த்து எடுப்பது இதன் வேலை. இழையில் பொதுப்பெயராக வந்த சொல்லை நான் இந்த ஒரு வகைக்கு மட்டும் ஒதுக்குகிறேன்.

மூன்றாவது, கடைசியாகத் தீட்டி முடிக்கும் கல். அதற்கு ‘மெருகுக்கல்’ வேண்டாம் என்பதில் உறுதியாக இருக்கிறேன். மெருகு என்றால் பளபளப்பு. பட்டை கண்ணாடிபோல் மின்னும், வாய் மட்டும் சேராமல் இருக்கும், புதிதாகத் தீட்டுபவர்களை அதிகம் ஏமாற்றுவது அதுதான். கோட்டிக்யூல், ஜெர்மனியின் தூரிங்கிய ஸ்லேட் கல், கியோட்டோ பக்கத்து நாக்காயாமாச் சுரங்கக் கல், துகளெண் 12000 செயற்கைக்கல் எல்லாம் சேரும் வகை இது. ‘முடிப்புக்கல்’ என்றால் போதும். ‘ஈற்றுக்கல்’ இலக்கணமாக இருக்கிறது, ஆனால் வாயில் வராது.

கல் வாங்கப் போகிறவருக்கும் இந்தப் பெயர்கள் உதவும். முதலில் ஒரு பட்டைக்கல், பிறகு ஒருபக்கம் 4000, மறுபக்கம் 8000 உள்ள இருமுகக் கூர்க்கல், ஒரு தோல்வார். இவ்வளவு இருந்தால் மழிக்கும் கூர் வந்துவிடும். முடிப்புக்கல் பிறகு வாங்கலாம். எந்தக் கல்லானாலும் முகம் மட்டமாக இருக்க வேண்டும். முகம் முழுக்கப் பென்சில் கோடு போட்டு வைரத்தகட்டில் தேய்த்தால் பள்ளமான இடத்தில் மட்டும் கோடு அழியாமல் நிற்கும். ‘லேப்பிங்’ என்பதற்கு ‘முகம் மட்டம் செய்தல்’ என்று எழுதலாம், கொத்தனாருக்கும் தச்சருக்கும் புரியும்.

‘ஸ்லரி’, அதாவது கல்லைத் தேய்க்கும்போது நீரில் கலக்கும் கல்துகள் கரைசல், பற்றிக் கேட்டிருந்தார்கள். சேறு, குழம்பு இரண்டும் ஒட்டவில்லை. ‘கல்பால்’ என்று முன்மொழிகிறேன். கோட்டிக்யூலின் மேல் நீர் விட்டுச் சிறு துண்டுக்கல்லால் தேய்த்தால் வெண்மையாகப் பால் வரும். கெட்டியாக இருக்கும்போது வேகமாக அறுக்கும். சொட்டுச் சொட்டாக நீர் சேர்த்து நீர்க்க நீர்க்க மென்மையாகும், கடைசியில் வெறும் நீர். தேங்காய்ப்பால் எடுத்த கைக்கு முதல் பால், இரண்டாம் பால் என்றாலே இந்த முறை விளங்கிவிடும்.

தீட்டும்போது வாயில் எழும் மெல்லிய உலோக விளிம்பான ‘பர்’ என்பதற்குப் புதுச்சொல் தேவையில்லை, பட்டறையில் ‘பிசிறு’ இருக்கிறது. கத்தியைத் தோல்வாரில் இழுக்கும் ‘ஸ்ட்ராப்பிங்’ மட்டும் தீட்டுதலோடு கலந்துவிடக் கூடாது. கல்லில் வாய் முன்னே போகும், தோலில் முதுகு முன்னே போகும். மாற்றிச் செய்தால் வார் அறுபடும், கூரும் கெடும். ‘வார் இழுத்தல்’ என்று தனியாகவே வைப்போம்.

எண்ணெய் விட்டுத் தீட்டும் எண்ணெய்க்கல், நீர் விட்டுத் தீட்டும் நீர்க்கல் என்ற பெயர்கள் இரண்டிலும் எனக்குத் தடையில்லை. இருபுறமும் குழித்தெடுத்த ‘ஹாலோ கிரவுண்ட்’ அலகுக்கு ‘குழி அலகு’ என்று எழுதிவருகிறேன், நிறைவாக இல்லை. நெல்லை, தஞ்சை, யாழ்ப்பாணப் பக்கம் பழைய முடிதிருத்துநர்களோடு பழகியவர்கள் யாராவது இருந்தால், அவர்கள் கல்லுக்கும் வாருக்கும் என்ன சொல் வைத்திருந்தார்கள் என்று கேட்டு எழுதுங்கள். அவர்கள் வாயிலிருந்து வரும் சொல் ஒன்று கிடைத்தாலும் என் பரிந்துரையை விலக்கிவிட்டு அதையே விக்சனரியில் ஏற்றலாம்.